தாய்க் கழுகும் தந்தை வண்டும்

கழுகையும் சாணி வண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கப் போகிறோம் என்றால், நேயர்கள் நகைக்கக் கூடும். ஒன்று ஆகாயத்தில் வட்டமிடும் பட்சிராஜன். மற்றொன்று தெருப் புழுதியில் சாணி உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும் அற்பப் பூச்சி. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரமல்லவா இது என்று கேட்பீர்கள். இருந்தாலும், இவ்விரண்டையும் முதன் முதலில் ஜோடி சேர்த்தவர்கள் நாம் அல்லர். நமக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நைல் நதிக் கரையில் வாழ்ந்த எகிப்தியர்கள் இரண்டையும் ஒருங்கே வைத்துக் கும்பிட்டார்கள்.

1922-ம் ஆண்டில் துட்டன்காமன் என்னும் இள வயது மன்னனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே இருந்த பொன் முகமூடியின் நெற்றியில் நாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கழுகின் தலை தெரிகிறது. அதே மன்னனின் பட்டப் பெயரை எகிப்தியச் சித்திர எழுத்துக்களில் எழுதினால் நடுவில் ஒரு வண்டு உட்கார்ந்திருக்கும். அரசனுடைய சிரசில் கழுகு. அரசனுடைய பெயரில் வண்டு. இதைவிடப் பெரிய பதவி ஒரு பிராணிக்குக் கிடைக்குமா?

முன்னதாக ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கழுகு" என்ற ஒரே சொல்லால் நாம் இரு வகைப் பறவைகளைக் குறிப்பிடுகிறோம். உயிருள்ள இரையை அடித்துத் தின்பது ஒரு வகை. செத்ததைத் தின்பது மற்றொரு வகை. பின்னதற்குத் தமிழில் "பாறு" என்ற பழைய பெயர் உண்டு. இங்கே நாம் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வகைதான். அதிலும் முக்கியமாக, மஞ்சள் முகமும் வெண்ணிற உடலும் கொண்ட சிறிய பாறு. இதை எகிப்தியப் பாறு என்றும் சொல்வதுண்டு. எகிப்தியரின் எழுத்துக்களில் ஒன்று இந்தப் பறவையின் உருவமே. "தாய்" என்ற சொல்லை எழுதவும் ஒரு கழுகைத்தான் வரைந்தார்கள். அது இதைவிடப் பெரிய வேறொரு ஜாதி.

வண்டுக்கு வருவோம். காலையில் கிழக்கே தோன்றும் சூரியனுக்குக் "கெப்ரி" என்று பெயரிட்டு, அவனை வண்டு ரூபத்தில் எகிப்தியர் வழிபட்டனர். வண்டு உருண்டையைத் தள்ளுவது போல, வானத்தில் ஒரு தெய்வ வண்டு சூரியனைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பது அவர்களுடைய எண்ணம். இறந்தவனுடைய மார்பின் மீது கல்லால் செய்த வண்டு ஒன்றை வைத்து அடக்கம் செய்வார்கள். மறுமையில் நியாய விசாரணை நடக்கும்போது, அவனுடைய இருதயமே அவனுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லாதபடி அந்த வண்டு தடுக்குமாம்!

*ஒரு பழைய பிழை*

கி.பி. 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று கருதப்படும் ஹோரப்பொல்லோ என்பவர், எகிப்தியச் சித்திர எழுத்துக்களுக்கு விளக்கம் கூறி ஒரு நூல் எழுதி வைத்தார். அதிலே ஒரு விந்தையான செய்தி இருக்கிறது. கழுகு இனத்தில் ஆணே கிடையாதாம், எல்லாம் பெண்ணாம், அவை காற்றினாலேயே கருவுறுகின்றனவாம். ஆகவே கழுகு என்றால் தாய். வண்டு இனத்திலோ பெண்ணே கிடையாதாம், எல்லாம் ஆணாம், ஆண் வண்டு சாணியை உருட்டிப் புதைத்து வைக்க, இருபத்தெட்டு நாட்களில் அதிலிருந்து குஞ்சு தயாராகி விடுமாம். ஆகவே வண்டு என்றால் தந்தை. தந்தையில்லாத குடும்பம் ஒன்று, தாயில்லாத குடும்பம் ஒன்று!

இன்னொரு கணக்கும் அவர் சொல்கிறார். வண்டுக்கு முப்பது விரல்கள் உண்டு. அவை மாதத்தின் முப்பது நாட்களைக் குறிக்கும் என்கிறார். ஆறு கால், காலுக்கு ஐந்து கணு என்று பெருக்கிப் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் இந்த வண்டின் முன்னங்கால் இரண்டிலும் அந்த ஐந்து கணுக்களும் இல்லவே இல்லை! தோண்டுவதற்கு வாகாக அவை பல் வைத்த மண்வெட்டி போல் முடிந்துவிடுகின்றன. சாஸ்திரக்காரர் வண்டைக் கையில் எடுத்து எண்ணிப் பார்க்கவில்லை என்பது வெளிச்சம்.

இந்தப் பிழைக்குக் காரணம் என்ன? இரண்டு பிராணிகளிலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். மயிலுக்கும் சேவலுக்கும் இருப்பது போன்ற வெளி அடையாளம் கழுகுக்கும் இல்லை, சாணி வண்டுக்கும் இல்லை. கூட்டில் அமர்ந்திருந்த கழுகைப் பார்த்தவர்கள் "தாய்" என்றார்கள். வெயிலில் மாடாய் உழைத்த வண்டைப் பார்த்தவர்கள் "தந்தை" என்றார்கள். மனித வீட்டு வழக்கத்தையே மிருக ஜாதிக்கும் பொருத்திவிட்டார்கள்.

*பாப்ரே கண்ட உண்மை*

வண்டின் ரகசியத்தை வெளிப்படுத்தியவர் பிரான்ஸ் தேசத்து ஜீன் ஹென்றி பாப்ரே (1823 - 1915). ஏழைப் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, வெயிலிலும் புழுதியிலும் மண்டியிட்டு உட்கார்ந்து, பூச்சிகளின் வாழ்க்கையைக் கவனித்துப் பத்துப் பாகங்களாக எழுதினவர் அவர். வண்டு உருட்டிச் செல்லும் உருண்டைக்குள் முட்டை இருக்கிறது என்றே உலகம் அதுவரை நம்பி வந்தது. பாப்ரே உருண்டைகளை உடைத்துப் பார்த்தார், முட்டை இல்லை. அது வண்டு தனக்காக உருட்டிச் செல்லும் சாப்பாட்டு மூட்டை!

பல ஆண்டுகள் தேடிய பிறகு, ஆடு மேய்க்கும் பையன் ஒருவனுடைய உதவியால் உண்மையான தொட்டில் கிடைத்தது. பூமிக்கு அடியில் ஒரு சிறு அறை. அதிலே பேரிக்காய் வடிவத்தில் அழகாகப் பிடித்து வைத்த சாணி. அதன் குறுகிய நுனியில் ஒரே ஒரு முட்டை. காற்று புகுவதற்கு அங்கேதான் சௌகரியம். பருத்த பாகம், பிறக்கப் போகும் புழுவுக்கு உணவு. மேல் ஓடு, அந்த உணவு காய்ந்து போகாமல் காக்கும் மூடி. இவ்வளவு நுட்பமாக அந்தப் பேரிக்காயைப் பிடித்து வைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? தாய் வண்டுதான்.

கழுகுக் குடும்பத்தின் கதை என்ன? மஞ்சள் முகப் பாறு பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். சுமார் நாற்பத்திரண்டு நாட்கள் அடை காக்க வேண்டும். தாய் மட்டுமல்ல, தகப்பனும் மாறி மாறி அமர்ந்து அடை காக்கிறது. குஞ்சுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுகிறது. ஆக, "தாய்" என்று பெயர் வாங்கிய குடும்பத்தில் தகப்பன் பொறுப்புள்ளவன். "தந்தை" என்று பெயர் வாங்கிய குடும்பத்தில் பாரமெல்லாம் தாயின் தலையில். பெரியவர்கள் பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள்!

*யார் பெரியவர்?*

போகட்டும். பலத்தில் யார் பெரியவர் என்று பார்ப்போம். கழுகுக்குச் சிறகு உண்டு. இந்தச் சிறிய பாறுக்கே விரித்த சிறகு ஐந்தடிக்கு மேல் இருக்கும். உடல் எடையோ சுமார் இரண்டு கிலோதான். ஆனால் சாணி வண்டு ஜாதியில் கொம்புள்ள ஒரு சிறு வண்டு தன் எடையைப் போல 1,141 மடங்கு பாரத்தை இழுக்க வல்லது என்று 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. எழுபது கிலோ எடையுள்ள நம் வீட்டு ஆசாமி ஒருவர் எண்பது டன் பாரத்தை இழுத்துக் காட்டினால்தான் அந்த வண்டுக்குச் சமமாவார்.

புத்தியில் யார் பெரியவர்? தீக்கோழி முட்டையின் ஓடு மிகவும் கெட்டியானது. மஞ்சள் முகப் பாறு தன் அலகால் அதை உடைக்க முடியாது. ஆகவே ஒரு கல்லை அலகால் எடுத்து, தலையை நிமிர்த்தி, முட்டையின் மேல் ஓங்கி எறிகிறது. உடையும் வரையில் எறிந்துகொண்டே இருக்கிறது. ஜேன் குடால் அம்மையாரும் அவர் கணவரும் ஆப்பிரிக்காவில் இதை நேரில் பார்த்து 1966-ல் உலகுக்கு அறிவித்தார்கள். கருவி உபயோகிக்கத் தெரிந்த பறவை!

வண்டு இதற்குச் சளைத்ததன்று. உருண்டையைத் திரட்டியதும் அதன் மேல் ஏறி நின்று ஒரு சுற்றுச் சுற்றுகிறது. நடனமோ என்று தோன்றும். உண்மையில் அது திசை பார்த்துக்கொள்கிறது. சாணிக் குவியலில் வேறு வண்டுகள் வந்து உருண்டையைப் பறிக்கப் பார்க்கும். ஆகையால் நேர்கோட்டில் விரைந்து ஓடிவிட வேண்டும். வளைந்து திரும்பி அதே குவியலுக்கு வந்து சேர்ந்தால் மோசம். பகலில் சூரியனையும் இரவில் சந்திரனையும் பார்த்து வழி தெரிந்துகொள்கிறது. சந்திரனும் இல்லாத இரவில்? தென்னாப்பிரிக்காவில் ஜோஹான்னஸ்பர்க் நகரத்துக் கோளரங்கத்துக்குள் வண்டுகளை விட்டு விஞ்ஞானிகள் சோதனை செய்தார்கள். சிலவற்றின் தலையில் சின்னஞ்சிறு அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தும் பார்த்தார்கள். முடிவு 2013-ல் வெளியாயிற்று. தொப்பி போட்ட வண்டுகள் வழி தெரியாமல் தடுமாறின. வானம் தெரிந்தவை ஆகாய கங்கையாகிய பால்வெளியின் ஒளிப் பட்டையைக் கொண்டே நேராகச் சென்றன. புழுதியில் கிடந்தாலும் பார்வை நட்சத்திரங்களின் மீது!

*மஞ்சள் முகத்தின் மர்மம்*

இந்த இரண்டு பிராணிகளும் நிஜமாகவே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது எகிப்தியக் கோவில் அல்ல, சாணிக் குவியல்! மஞ்சள் முகப் பாறு மாட்டுச் சாணியையும் தின்கிறது. சாணியில் சத்து அதிகம் இல்லையே, பிறகு ஏன் தின்கிறது என்று ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். புல்லில் உள்ள மஞ்சள் வர்ணப் பொருள் சாணியிலும் தங்கியிருக்கிறது. அதுவே பறவையின் முகத்துக்கு மஞ்சள் நிறம் தருகிறது என்று 2002-ல் எழுதினார்கள். நம் பெண்மணிகள் முகத்துக்கு மஞ்சள் பூசுவார்கள்; இந்தப் பட்சி மஞ்சளைச் சாப்பிட்டே முகத்தை மஞ்சளாக்கிக் கொள்கிறது.

இந்தப் பறவைக்கும் தமிழ் நாட்டுக்கும் நெருங்கிய பந்தம் உண்டு. இந்தியாவில் வாழும் வகைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரில் நம் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. சொன்னரா என்ற பிரெஞ்சு யாத்திரிகர் தமது 1782-ம் ஆண்டுப் புத்தகத்தில் "செஞ்சிக் கழுகு" என்று இதை வர்ணித்தார்; லத்தீன் பெயரிலும் செஞ்சி நிலைத்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே தினந்தோறும் யாத்திரை செய்யும் இரண்டு ரிஷிகள் கழுகு வடிவில் வந்து, நடுப்பகலில் மலை மீது பாறையில் அமர்ந்து சர்க்கரைப் பொங்கல் உண்கிறார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. வந்தவை இந்த மஞ்சள் முகப் பாறுகளே. படியேறிப் போய்த் தரிசித்த பாட்டிமார் பலர் இன்னும் அந்தக் காட்சியைச் சொல்கிறார்கள். பேரக் குழந்தைகளுக்குக் காட்டத்தான் பறவை இல்லை. 1990-களின் கடைசியில் வரவு நின்று போயிற்று. பாறை இருக்கிறது, படிகள் இருக்கின்றன, ஆகாயம் வெறுமையாக இருக்கிறது.

*வைத்தியமே விஷமான கதை*

அதே காலத்தில் இந்தியா முழுவதும் ஒரு பெருங் கேடு நடந்துகொண்டிருந்தது. கோடிக்கணக்கில் இருந்ததாக மதிப்பிடப்பட்ட பாறுகள் கண் முன்னால் மறைந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் ஜாதி, 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. நோயா, பஞ்சமா என்று திகைத்தார்கள். லின்ட்ஸே ஓக்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் பாகிஸ்தானில் இறந்து கிடந்த பறவைகளைச் சோதித்து, 2004-ல் காரணத்தை வெளியிட்டார்கள். மாட்டுக்கு வலியும் வீக்கமும் தணியப் போடும் டைக்லோபினாக் என்ற மருந்துதான் அது. மருந்து உண்ட மாடு சீக்கிரத்தில் இறந்தால், அதன் மாமிசத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போய், இரண்டொரு நாளில் மரணம் நேர்கிறது. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த நாசத்துக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள்.

கழுகு போனதால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் கழுகுக் கூட்டம் வந்து சீக்கிரத்திலேயே எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். கழுகு இல்லாத இடத்தில் பிணம் அழுகிக் கிடந்தது, தண்ணீர் கெட்டது, தெரு நாய்கள் பெருகின, வெறிநாய்க் கடி பெருகியது. இதன் விளைவாக 2000-க்கும் 2005-க்கும் இடையில் இந்தியாவில் சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் அதிகமாகப் போயிருக்கும் என்று இரு பொருளாதார அறிஞர்கள் மதிப்பிட்டு 2024-ல் வெளியிட்டார்கள். சம்பளம் கேட்காத சுகாதார ஊழியரை வேலையை விட்டுப் போகச் செய்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

வண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1788-ல் வெள்ளைக்காரர்கள் அங்கே மாடுகளைக் கொண்டு போனார்கள். மாட்டுச் சாணிக்கு ஏற்ற வண்டுகளைக் கொண்டு போகவில்லை. கங்காருவின் காய்ந்த சாணத்துக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகள் மாட்டுச் சாணியைச் சீந்தவில்லை. சாணி மாதக்கணக்கில் காய்ந்து மேய்ச்சல் நிலத்தை மூடிற்று, ஈக்கள் மண்டின. கடைசியில் ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்ற ஹங்கேரி தேசத்து அறிஞருடைய யோசனையின் பேரில், 1960-களின் பிற்பகுதியிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட வண்டு ஜாதிகளை வெளி நாடுகளிலிருந்து தருவித்தார்கள். ஏறக்குறையப் பாதி ஜாதிகள் வேர் ஊன்றின. நம் தேசத்தில் இனாமாகக் கிடைக்கும் ஊழியத்தை அவர்கள் கப்பலேற்றிக் கொண்டு போக வேண்டியிருந்தது!

வண்டுக்கும் இப்போது மருந்தினால் ஆபத்து வந்திருக்கிறது. மாட்டின் வயிற்றுப் பூச்சியைக் கொல்ல ஐவர்மெக்டின் என்ற மருந்து 1981 முதல் வழங்கி வருகிறது. மனிதருக்கும் பெரிய உபகாரம் செய்த மருந்து அது. கண்டுபிடித்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தின் பெரும் பகுதி சாணியோடு வெளிவருகிறது. சாணியில் வளரும் புழுக்களை அது கொல்கிறது என்று 1987-லேயே எச்சரித்தார்கள். கொஞ்ச அளவிலேயே பெரிய வண்டின் மோப்ப சக்தியும் கால் பலமும் குன்றுவதாக 2015-ல் ஒரு சோதனை காட்டியது. மோப்பம் போன வண்டு சாணியை எப்படித் தேடும்?

கழுகுக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு குஞ்சு. உருட்டு வண்டுக்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பிள்ளைகளே. நூற்றுக்கணக்கில் முட்டையிடும் ஈயைப் போல் இழந்ததை ஒரே மழையில் ஈடு செய்துகொள்ள இவற்றால் முடியாது. ஈ பெருகும், ஈயை அடக்குபவர் குறைவர்.

*நாம் செய்யக்கூடியது*

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கால்நடைகளுக்கு டைக்லோபினாக் கொடுப்பதை இந்தியா 2006-ல் தடுத்தது. கழுகுக்குத் தீங்கு செய்யும் வேறு இரண்டு மருந்துகளையும் 2023-ல் தடுத்தது. அவற்றுக்குப் பதிலாகக் கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மஞ்சள் முகப் பாறும் அங்கே உண்டு.

மாடு வைத்திருக்கும் நேயர்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்: "ஐயா, இந்த ஊசி கழுகுக்கு ஆகுமா?" பூச்சி மருந்தை வழக்கத்துக்காக மந்தை முழுவதுக்கும் கொடுக்காமல், சாணியைச் சோதித்து, தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். மருந்து சாப்பிட்டு இறந்த மாட்டை வெளியில் போடாமல் ஆழமாகப் புதைக்கலாம். மாடு இல்லாதவர்கள், பால் ஊற்றுகிறவரிடமாவது இந்தச் செய்தியைச் சொல்லி வைக்கலாம்.

எகிப்தியர்கள் தாய் யார், தந்தை யார் என்பதில் தவறு செய்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் கணக்குச் சரி. செத்ததையும் கழித்ததையும் மீண்டும் உயிராக்கித் தரும் பிராணிகளைக் கண்டு அவர்கள் அருவருக்கவில்லை. அரசனுடைய நெற்றியிலும் பெயரிலும் வைத்தார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த முறை வழியில் ஒரு வண்டு உருண்டையைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தால், அதை மிதிக்காமல் ஓர் அடி ஒதுங்கி நின்றாலே போதும். அதற்கு அவசர வேலை இருக்கிறது. அது நம்முடைய வேலையும்தான்.